புதுப்பிப்பு: தம்பியின் ஜெர்மனி படிப்புக்குப் பணம் கட்டியாயிற்று

மூன்று மாதம் முன்பு கேட்டிருந்தேன்: தம்பிக்கு ஜெர்மனியில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது, அப்பாவின் பென்ஷனை வைத்துக்கொண்டு பணத்துக்கு எங்கே போவது என்று. பதில் சொன்ன ஒவ்வொருவருக்கும் நன்றி. பணம் கட்டிவிட்டோம்.

அரசுப் பல்கலைக்கழகம், கல்விக் கட்டணம் இல்லை. பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து போகும் நம் போன்றவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ உண்டு என்பதால் அந்தப் பக்கம் விண்ணப்பிக்கவே இல்லை. பாரமெல்லாம் பிளாக்டு அக்கவுண்டில்தான், அதாவது மாதாமாதம் குறிப்பிட்ட தொகையை மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு. விசாவுக்காக 11,904 யூரோவை மொத்தமாகப் போட வேண்டும். அங்கே போனபின் மாதம் 992 யூரோவாக அவன் கைக்கே வரும். ஆக, இது செலவுக்காசுதான். ஆனால் முன்கூட்டியே புரட்ட வேண்டும்.

வங்கியில் கடனுக்கு நிலத்தை ஈடாகக் கேட்டார்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரில்! வாரிசுச் சான்றிதழ், வில்லங்கச் சான்றிதழ், அத்தைகளின் சம்மதம் என்று ஐந்து வாரம் ஓடிவிட்டது. கடன் வாங்க நினைப்பவர்கள் முதலில் பட்டாவை எடுத்துப் பாருங்கள், தயவுசெய்து. பெரியத்தை கையெழுத்துப் போட்ட கையோடு, சுருக்குப்பையிலிருந்து நாலாக மடித்த ஐந்நூறு ரூபாயை எடுத்துத் தம்பியின் சட்டைப் பையில் திணித்தார். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார்.

அப்படியும் பற்றாமல் போன தொகைக்கு அம்மாவின் சங்கிலியை அடகு வைத்தோம். அங்கே படிக்கும்போதே வருடத்துக்கு 140 முழு நாள் வேலை பார்க்கலாம். முதல் சம்பளத்தில் சங்கிலியை மீட்பதாகச் சொல்கிறான். முதல் செமஸ்டர் படிப்பை மட்டும் பார் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் விசாவுக்காகச் சென்னை போகிறோம்.