மனசை விட்டுப் போகாத டோனிங் காசு (பழைய வெள்ளிக் காசில் காலப்போக்கில் தானாக ஏறும் நிறம்): உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

ஆவணிமூலம்:
மதுரை தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் ஒரு சின்ன வெள்ளிப் பட்டறை. எனக்கு முன்னால் பேரையூர் ஆத்தா ஒருவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து நாலைந்து வெள்ளி ரூபாயை மேசையில் கொட்டினார். மற்றதெல்லாம் தேய்ந்த விக்டோரியா ராணி காசு. ஒன்று மட்டும் 1919 ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் ரூபாய், பின்பக்கம் அடியில் புள்ளி, பம்பாய் அச்சு. வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஓரத்தில் மயில்கழுத்து நீலம், உள்ளே வர வர ஊதாச் சிவப்பு, மன்னர் கன்னத்தில் லேசான பொன் மஞ்சள்.

"ஆத்தா, இதை நான் எடுத்துக்கிறேன், வெள்ளி விலைக்கு மேலேயே தர்றேன்" என்றேன். சரி என்றார். போனில் ஒரு படம் எடுத்தேன். பட்டறைக்காரர் தங்கமான மனுஷர். "தம்பி ஆசையா வாங்குது, அழுக்கோடயா குடுக்கிறது?" என்று என் கையிலிருந்து காசை வாங்கி சீசாவில் இருந்த திரவத்தில் முக்கி எடுத்துவிட்டார். ஒரு நொடி அழுகின முட்டை வாடை. அவ்வளவுதான், காசு பளீரென்று வெள்ளையாக வந்தது. "இப்பத்தானப்பா காசு மாதிரி இருக்கு" என்று ஆத்தாவுக்குச் சந்தோஷம். பேசின தொகையைக் கொடுத்தேன். போன் படத்தில் ஒரு நிறமும் விழவில்லை, கறுப்பு வட்டம்தான் இருக்கிறது. அதனால் யாரும் நம்புவதில்லை.

ஓட்டைக்காலணா:
நான் நம்புகிறேன் அண்ணே. என் கதை தலைகீழ். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழைய சாமான் கடைகள் தெரியும்தானே. அங்கே ஒருவர் வெல்வெட் தட்டில் ஒரு வரிசை ரூபாய் வைத்திருந்தார். 1862 ராணி முதல் 1945 ஆறாம் ஜார்ஜ் வரை எல்லாமே ஒரே கத்தரிப்பூ ஊதா. எப்படி? ராணி காசு கிட்டத்தட்ட 92 சதவீத வெள்ளி. 1945-இல் பாதிதான் வெள்ளி, மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். இரண்டும் ஒரே மாதிரி நிறம் ஏறுமா?

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கீறலுக்குள்ளும் அதே ஊதா, எழுத்துகளைச் சுற்றியும் அதே ஊதா. தானாக ஏறின காசில் எழுத்தை ஒட்டி நிறம் கொஞ்சம் விலகி வெளிறி நிற்கும். திரும்பும்போது கடைக்காரர் ரகசியம் போலச் சொன்னார்: "பச்சை வேணும்னா அடுத்த வாரம் வாங்க சார்." அந்தக் குரல் இன்னும் காதில் கிடக்கிறது.

மேலூரான்:
எனக்கு ஒரு விஷயம் புரியவே இல்லை. காற்றிலும் அட்டையிலும் உள்ள கந்தகம் வெள்ளியைத் தின்றால் அதற்குப் பேர் கறுத்துப்போவது. அதை இங்கிலீஷில் டோனிங் என்று சொன்னவுடன் விலை ஏறிவிடுகிறது. எங்கள் அப்பத்தா ஆடி வெள்ளி தவறாமல் புளியும் விபூதியும் போட்டுத் தேய்த்து சாமி முன்னால் வைப்பார். அந்த ராணி காசை மதுரையில் நடந்த ஒரு நாணயக் கண்காட்சிக்குக் கொண்டுபோனேன். மேசைக்காரர் கையில்கூட வாங்கவில்லை. எட்ட இருந்தபடியே "வாஷ் பண்ணினது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார். அப்பத்தா கும்பிட்ட காசு அய்யா அது. முகம் கொஞ்சம் வழுவழுப்பாகிவிட்டது, அவ்வளவுதான்.

ஓட்டைக்காலணா:
முகம் எதனால் வழுவழுப்பானது என்று நீங்களே சொல்லிவிட்டீர்களே. கந்தகம் தின்றது மேல்தோலை. விபூதி தின்றது ராணியின் மூக்கை. ஆனால் அந்த மேசைக்காரர் கையில் வாங்கிப் பார்த்திருக்கலாம், அது தப்புதான்.

திருநகர் லென்ஸ்:
என் கதை சின்னது. தெரிந்தவர் வீட்டு மூக்குப்பொடி டப்பாவில் கிடந்த 1903 எட்வர்டு மன்னர் ரூபாயைப் படமெடுத்துக் காட்டினேன். "கம்ப்யூட்டர்ல கலர் பூசிட்டீங்களா?" என்றார் காசுக்காரர். அவர் காசு, அவரே நம்பவில்லை!

ஆவணிமூலம் தம்பி, கறுப்பு வட்டம் விழுந்த காரணத்தைச் சொல்கிறேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். காசின் மேல் உள்ள வெள்ளி சல்பைடு படலம் மிக மெல்லியது. சோப்புக் குமிழியில் நிறம் தெரிகிற அதே கணக்குதான், படலம் தடிக்கத் தடிக்க மஞ்சள், ஊதாச் சிவப்பு, நீலம் என்று மாறும், கடைசியில் கறுப்பு. காசில் பட்ட வெளிச்சம் கண்ணாடியில் பட்டது போல நேராகத் திரும்பி நம் கண்ணுக்கு வந்தால்தான் அந்த நிறம் தெரியும். கையில் சாய்த்தபோது உங்களுக்கு வந்தது. போனை நேர் மேலே பிடித்ததும் போனே வெளிச்சத்தை மறைத்திருக்கும். பக்கவாட்டு வெளிச்சம் வேறு பக்கம் ஓடியிருக்கும்.

வழி இருக்கிறது. போட்டோ பிரேம் கண்ணாடி ஒன்றைக் கழற்றிக் காசுக்கு மேலே 45 டிகிரி சாய்வாக நிறுத்துங்கள். மேசை விளக்கைப் பக்கத்தில், காசின் மேல் நேரடியாகப் படாதபடி ஓர் அட்டையை மறைப்பாக வைத்து, கண்ணாடியைப் பார்த்துத் திருப்புங்கள். வெளிச்சத்தில் ஒரு பங்கு கண்ணாடியில் பட்டு நேர் கீழே காசுக்குப் போகும், அங்கிருந்து திரும்பிக் கண்ணாடி வழியாக மேலே கேமராவுக்கு வரும். கண்ணாடியை ஊடுருவி நேராக ஓடும் வெளிச்சத்தை விழுங்க எதிர்ப்பக்கம் ஒரு கறுப்புத் துணி. கேமரா நேர் மேலே, ஸ்டாண்டில். போன் என்றால் முட்ட முட்ட வைக்காமல் கொஞ்சம் தூக்கி இரண்டு மடங்கு ஜூம். இரண்டு நொடி டைமர், இல்லாவிட்டால் விரல் பட்டு ஆடும். அறையில் டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், இரண்டு வெளிச்சம் கலந்தால் நிறம் பொய் சொல்லும். காசு இருக்கும் இடத்தில் முதலில் வெள்ளைத் தாளை வைத்து ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே விழுவதற்கான கேமரா அமைப்பு) பூட்டுங்கள். அப்புறம் நிறத்தை அழுத்தமாக்கும் சாச்சுரேஷன் பக்கம் கை போகக் கூடாது. போனால் காரைக்குடி ஊதாவுக்கும் நம்ம படத்துக்கும் வித்தியாசம் இல்லை.

பட்டறை வாசலில் கண்ணாடிக்கு எங்கே போவது? காசை ஓரத்தில் பிடித்து, நிறம் பற்றிக்கொள்ளும் வரை வாசலைப் பார்த்துச் சாய்த்து எடுங்கள். வட்டம் முட்டையாகத் தெரியும், பரவாயில்லை.

சிம்மக்கல் அக்கா:
லென்ஸ் சார், உங்களை எங்க வீட்டுக்கு அப்போதே கூப்பிட்டிருக்கணும். அம்மாச்சியின் டிரங்குப் பெட்டியில் சுங்குடிச் சேலைக் கிழிசலில் இறுக்கி முடிந்த காசுகள் இருந்தன. பங்கு பிரிக்கிற அன்றைக்குத்தான் அவிழ்த்தோம். மேலே இருந்த ராணியின் கன்னத்தில் துணியின் ஊடும் பாவும் அப்படியே பதிந்திருந்தது, பொன்னிறக் கோடும் நீலக் கோடும் குறுக்கும் நெடுக்குமாக. நகத்தால் தொட்டால் தட்டுப்படவில்லை, நிறமாக மட்டும் இருந்தது. நான் கேட்பதற்குள் மாமா தராசில் போட்டுவிட்டார். ஒரு காசு 11.66 கிராம் என்று ஒப்பித்தார், சரியாகத்தான் இருந்தது. அது பெரிய மாமா பங்கு. அவர் பேத்திக்குக் கொலுசாகிவிட்டது. அந்தப் பிள்ளை வீட்டுக்கு வரும்போதெல்லாம் என் கண் காலுக்குத்தான் போகிறது.

வைகைக்கரை:
எல்லாரும் வெள்ளியிலேயே நிற்கிறீர்கள். ஆற்றில் மணல் சலிப்பவர் ஒருவர் உள்ளங்கையில் பொடி பொடியாகச் செம்புக் காசு காட்டினார். எல்லாம் பச்சைக் களிம்பு. ஒன்றில் மட்டும் எச்சில் தொட்டுக் கட்டைவிரலால் தடவினார், மீன் மாதிரி ஏதோ எழும்பியது. ஈரம் காய்ந்ததும் போய்விட்டது. வாங்கவில்லை. 1878-ஆம் வருஷப் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்து கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அவரிடம் சொன்னேன். "கலெக்டர் வந்து சலிக்கட்டும்" என்றார்.

மேலூரான்:
அந்த எச்சிலுக்கும் ஒரு இங்கிலீஷ் பேர் வைத்திருப்பீர்களே.

ஆவணிமூலம்:
லென்ஸ் அண்ணே, கிரேடிங் ஆகி, அதாவது தரம் பார்த்து மூடி, பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கிற காசுக்கும் இதே கண்ணாடி முறை சரிப்படுமா? என்னிடம் ஒரு 1912 அப்படி இருக்கிறது.

திருநகர் லென்ஸ்:
அப்படியே வைத்தால் சரிப்படாது தம்பி. பிளாஸ்டிக்கும் நேராகத் திருப்பி அடிக்கும், காசின் மேல் வெள்ளைப் புகை போட்டது போல வரும். கண்ணாடியை எடுத்துவிட்டு, பெட்டியின் ஒரு ஓரத்துக்கு அடியில் தீப்பெட்டி கொடுத்துச் சாய்த்து, விளக்கைக் கேமராவை ஒட்டி உயரத்தில் வைத்துப் பாருங்கள். முதலில் பெட்டி மேல் உள்ள கைரேகையைத் துடைத்துவிடுங்கள்.