அப்பாவின் கார்: குடும்பக் குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

காலை 6.12
செந்தில்: வாசல் வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்த அப்பாவின் காரைக் காணவில்லை. இரவு பத்தரை மணிக்குக் கதவைப் பூட்டும்போது என் கண்ணால் பார்த்தேன். நம்மில் யாராவது எடுத்துப் போயிருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் நான் காவல் நிலையத்துக்குக் கிளம்ப வேண்டும்.

6.15
சித்ரா: என்னடா சொல்கிறாய்? தெருவில் இரண்டு பக்கமும் நன்றாகப் பார்த்தாயா?

6.16
பாலா: நான் சென்னையில் இருக்கிறேன். நான் எடுக்கவில்லை.

6.17
செந்தில்: நீ எடுத்தாய் என்று யாரும் சொல்லவில்லையே பாலா.

6.24
செந்தில்: புதூர் பேருந்து நிறுத்தம் வரை நடந்து பார்த்துவிட்டு வந்தேன், எங்கேயும் இல்லை. கார் நின்ற இடத்தில் வேப்பம்பூ மற்ற இடத்தைவிடக் குறைவாக விழுந்திருக்கிறது, ஆனால் விழுந்திருக்கிறது. ஆகவே விடிவதற்கு வெகு முன்பே வண்டி போயிருக்க வேண்டும். கண்ணாடி உடைந்த தடம் எதுவும் தெரியவில்லை. வண்டியின் சாவி ஒன்று ஆணியில் தொங்குகிறது. இன்னொரு சாவி எங்கே என்று அம்மாவுக்கு நினைவில்லை.

6.26
சித்ரா: அந்த இரண்டாவது சாவி அப்பா மருத்துவமனையில் இருந்தபோது முரளியிடம் இருந்தது.

6.29
செந்தில்: அதைத்தான் நானும் யோசிக்கிறேன். முரளியின் கைப்பேசி அணைக்கப்பட்டிருக்கிறது. சரோஜா அத்தை, முரளி எங்கே இருக்கிறான்?

6.40
சரோஜா அத்தை: முரளி திருநெல்வேலியில் வேலையில் இருக்கிறான். சாவியை அண்ணன் காரியத்தன்றே அண்ணியின் கையில் கொடுத்துவிட்டான். ராத்திரி பகல் பாராமல் அண்ணனை ஏற்றிக்கொண்டு ஓடியவன் மீது முதல் கேள்வி விழுகிறது என்றால், பூர்வீக வீட்டுப் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போடத் தாமதித்ததை நீங்கள் யாரும் மறக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

6.41
சித்ரா: அத்தை, பத்திரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எங்கே இருக்கிறான் என்று மட்டும்தான் செந்தில் கேட்டான்.

6.43
ராஜசேகர்: முரளியிடம் பேசும் வரை புகார் கொடுக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். வீட்டு ஆளே அவசரத்துக்கு எடுத்துப் போயிருந்து, நாம் திருட்டுப் புகார் கொடுத்துவிட்டால், பிறகு அதைத் திரும்பப் பெறுவது சுலபமில்லை. மேலும் ஆர்.சி. புத்தகம் இன்னும் மாமாவின் பெயரில்தான் இருக்கிறது. உரிமையாளர் இல்லாத வண்டிக்கு யார் புகார் கொடுப்பது?

6.45
பாலா: அத்தான் சொல்வது சரி. மதியம் வரை பொறுத்துப் பார்க்கலாம்.

6.58
சண்முகம் பெரியப்பா: செந்தில், பொறுக்க வேண்டாம். நான் முப்பது வருடம் தாலுகா அலுவலகத்தில் இருந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், அனைவரும் முழுவதும் படியுங்கள். புகார் கொடுக்க வண்டியின் உரிமையாளர்தான் வரவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. குற்றம் நடந்தது தெரிந்த எவரும் தகவல் கொடுக்கலாம், அதை எழுத்தில் பதிந்து, அதன் நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டியது காவல் நிலையத்தின் கடமை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. எந்த எல்லையில் குற்றம் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். இணையம் வழியாக அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் சென்று கையெழுத்திட வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது, இதுதான் முக்கியம். அந்த வண்டியை ஓட்டிப் போகிறவன் வழியில் யாரையாவது இடித்துவிட்டாலோ, அதை வைத்து ஒரு சங்கிலிப் பறிப்பு நடந்தாலோ, காவல்துறை முதலில் தேடிவருவது வண்டி எண்ணுக்குரிய முகவரியைத்தான். பதிவில் என் தம்பி பெயர் இருக்கிறது, அவன் இல்லை, அப்படியானால் வாசலில் வந்து நிற்பவர்களுக்குக் கோமதிதான் பதில் சொல்ல வேண்டும். வண்டி நம் கையை விட்டுப் போன நேரம் காவல்துறைப் பதிவில் இருந்தால் அந்தக் கேள்விக்கு நம்மிடம் காகிதம் இருக்கும்.

7.01
சரோஜா அத்தை: பெரியண்ணா, முரளி பெயரை எழுதுவதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறதா?

7.06
சண்முகம் பெரியப்பா: சரோஜா, யார் பெயரையும் எழுதச் சொல்லவில்லை. அடையாளம் தெரியாத நபர் என்று எழுதினால் போதும். தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல எழுதுவது நமக்கே ஆபத்து. பொய்த் தகவல் கொடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 217ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. சாவி காணவில்லை என்பது உண்மை, அதை மட்டும் எழுதலாம்.

7.08
கோமதி: நான் இன்னும் வாசல் பெருக்கவில்லை. பெருக்கட்டுமா?

7.08
சண்முகம் பெரியப்பா: கோமதி, வேண்டாம். காவலர்கள் வந்து பார்க்கும் வரை அந்த இடத்தில் கால் வைக்கவும் வேண்டாம். கோலம் மதியம் போட்டுக்கொள்ளலாம்.

7.10
ராஜசேகர்: காப்பீடு இருக்கிறதா? மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் என்றால் திருட்டுக்கு ஒரு ரூபாய்கூட வராது.

7.13
பாலா: முழுக் காப்பீடு. ஐப்பசியில் அப்பா சொல்லி நான்தான் இணையத்தில் புதுப்பித்தேன், ஐ.டி.வி., அதாவது வண்டிக்குக் காப்பீட்டில் குறித்த மதிப்பு, மூன்று லட்சத்து நாற்பதாயிரம். ஆனால் பாலிசியும் அப்பாவின் பெயரில்தான். அது இன்னும் செல்லுமா என்பதுதான் என் பயம்.

7.22
சண்முகம் பெரியப்பா: செல்லும். வாகனக் காப்பீட்டில் பாலிசிதாரர் இறந்துவிட்டால் அன்றே அது செத்துவிடுவதில்லை. இறந்த நாளிலிருந்து மூன்று மாதம் வரை, அல்லது பாலிசி முடியும் நாள் வரை, எது முந்தியதோ அதுவரை வாரிசுகளுக்குத் தொடரும். என் தம்பி போய் இரண்டு மாதம் சில நாள்தான் ஆகிறது. அதனால்தான் மதியம் வரை, நாளை வரை என்ற பேச்சே வேண்டாம் என்கிறேன். காப்பீட்டு நிறுவனம் கேட்கப்போகும் முதல் காகிதம் முதல் தகவல் அறிக்கை. 2010இல் திருடு போன ஒரு டிராக்டர் வழக்கில், 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, காவல் நிலையத்தில் உடனே புகார் பதிவாகியிருந்தால், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தாமதமாகத் தெரிவித்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக இழப்பீட்டை மறுக்க முடியாது என்று சொல்லியிருக்கிறது. அந்த மனிதருக்குக் கைகொடுத்தது அன்றைக்கே கொடுத்த புகார்தான். அதற்காக நாம் நிறுவனத்துக்குத் தாமதிக்க வேண்டும் என்றில்லை. பாலா, நீ இன்றே அவர்களுடைய உதவி எண்ணில் பதிவு செய்.

7.25
சித்ரா: அம்மா காவல் நிலையத்தில் போய் உட்கார வேண்டியிருக்குமா? வருஷம் திரும்பும் முன் அவர்களை அங்கே அலைய விடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

7.28
சண்முகம் பெரியப்பா: தேவையில்லை சித்ரா. விசாரணைக்காகச் சாட்சியாக ஒரு பெண்ணை அவர் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச்சொல்லக் கூடாது என்று அந்தக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 179ஆம் பிரிவு சொல்கிறது. அறுபது வயது கடந்த ஆண்களுக்கும் அது பொருந்தும், ஆனால் நான் செந்திலோடு போகத்தான் போகிறேன்.

7.31
செந்தில்: 100க்குப் பேசிவிட்டேன். வண்டி எண்ணையும் நிறத்தையும் வாங்கிக்கொண்டார்கள், நிலையத்துக்கு வந்து எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். பெரியப்பா, எட்டு மணிக்கு உங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

7.34
பாலா: அண்ணா, ஃபாஸ்டேக் அப்பாவின் பழைய எண்ணோடுதானே இணைந்திருக்கிறது? சுங்கச்சாவடியைத் தாண்டியிருந்தால் அந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தி வந்திருக்குமே. அப்பாவின் கைப்பேசி எங்கே?

7.36
கோமதி: பீரோவில் இருக்கிறது. அன்றைக்கு அணைத்து வைத்தது, அதன் பிறகு நான் தொடவில்லை.

7.37
சித்ரா: அம்மா, நீங்கள் எடுக்க வேண்டாம், செந்திலை எடுக்கச் சொல்லுங்கள்.

7.52
செந்தில்: மின்னேற்றி, இயக்கிப் பார்த்துவிட்டேன். தேங்கியிருந்த செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. கடைசியாக வந்தது இன்று அதிகாலை 3.12 மணிக்கு. சிட்டம்பட்டி சுங்கச்சாவடியில் பணம் பிடித்திருக்கிறார்கள்.

7.53
சித்ரா: சிட்டம்பட்டி மேலூர் பக்கம். அப்படியானால் திருச்சி சாலையில் போயிருக்கிறது.

7.54
சரோஜா அத்தை: திருநெல்வேலிக்கு மேலூர் வழியாகவா போவார்கள்?

7.57
ராஜசேகர்: ஃபாஸ்டேக்கை உடனே முடக்கிவிடுங்கள். கணக்கில் இருக்கும் பணமாவது மிஞ்சும்.

7.59
பாலா: முடக்கக் கூடாது அத்தான். அடுத்த சாவடியைத் தாண்டினால் வண்டி எந்தத் திசையில் போகிறது என்று நமக்குச் சொல்லப்போவது அந்த ஒரு அட்டைதான். ஐந்நூறு ரூபாய்க்காக அந்தத் தடத்தை அழிக்க வேண்டாம்.

8.00
ராஜசேகர்: அவன் இந்நேரம் அட்டையைக் கிழித்து எறிந்திருப்பான்.

8.02
சண்முகம் பெரியப்பா: இருவரும் இப்போது எதையும் செய்ய வேண்டாம். செய்தியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நிலைய அதிகாரியிடம் கேட்டு அவர் சொல்வதுபோலச் செய்வோம். சாவடிக் கேமராப் பதிவை அவர்கள் கேட்டால்தான் கொடுப்பார்கள், நாம் கேட்டால் கிடைக்காது.

8.41
முரளி: இரவுப் பணியில் கைப்பேசியை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். செந்தில் மச்சான், நான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அத்தையிடம் சொல்லாமல் எடுத்திருக்க மாட்டேன். சாவியை அத்தை கையில் கொடுத்தபோது அவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள், எங்கே வைத்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. மாமாவின் மூக்குக் கண்ணாடிப் பெட்டியையும் அப்போதுதான் கொடுத்தேன். அங்கே தேடிப் பாருங்கள்.

8.58
கோமதி: கிடைத்துவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. முரளி, நீ சாப்பிட்டாயா?

8.59
முரளி: இனிமேல்தான் அத்தை.

9.00
பாலா: நல்ல வேளை. இரண்டு சாவியையும் காப்பீட்டு நிறுவனம் கேட்கும். ஒன்று குறைந்தால் அதை வைத்தே கேள்விக்கு மேல் கேள்வி கேட்பார்கள். இரண்டையும் ஒரே இடத்தில் பத்திரமாக வையுங்கள் அம்மா.

9.02
சரோஜா அத்தை: சாவி கிடைத்ததில் எனக்கும் நிம்மதி. காலையில் கேட்ட கேள்வி மட்டும் கேட்டதாகவே இருக்கிறது.

10.35
செந்தில்: ஒரு காவலர் வந்து பார்த்துவிட்டுப் போனார். வேப்பம்பூவைக் கையால் விலக்கியபோது அடியில் கல் உப்பு போல உடைந்த கண்ணாடி நொறுக்குகள் கிடந்தன. ஓட்டுநர் பக்கத்து ஜன்னலாக இருக்கும் என்றார். மேலே பூ விழுந்து மூடியதால்தான் காலையில் எனக்குத் தெரியவில்லை. எதிர்வீட்டுக் கேமராவில் 2.47க்கு ஒருவன் கதவருகே குனிந்து நிற்பதும், பிறகு விளக்குப் போடாமல் கார் நகர்வதும் தெரிகிறது. முகம் தெரியவில்லை.

10.37
சித்ரா: அந்தப் பதிவை உடனே நகல் எடுத்து வைத்துக்கொள். எங்கள் குடியிருப்பில் பழைய பதிவு தானாக அழிந்து, தேவைப்பட்ட நாளில் கையில் எதுவும் இல்லாமல் போனது.

10.38
செந்தில்: பென் டிரைவில் வாங்கிவிட்டேன்.

மதியம் 1.20
செந்தில்: புகாரை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகார் பெற்றதற்கான ரசீது, மட்டும் கொடுத்திருக்கிறார்கள். முதல் தகவல் அறிக்கை நாளை போடுவதாகச் சொல்கிறார்கள். வண்டி எண்ணைச் சோதனைச் சாவடிகளுக்குத் தெரிவித்துவிட்டதாகவும் சொன்னார்கள்.

1.22
ராஜசேகர்: ரசீதை வைத்துக்கொண்டு இழப்பீடு கேட்க முடியாது. இன்றே கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

1.31
சண்முகம் பெரியப்பா: நானும் பக்கத்தில்தான் நின்றேன், மாப்பிள்ளை. கைது செய்யத்தக்க குற்றம் என்று தகவலிலேயே தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிந்தாக வேண்டும் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னதை எடுத்துச் சொன்னேன். புதிய சட்டத்தில், மூன்று வருடம் முதல் ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்கு, டி.எஸ்.பி. நிலை அதிகாரியின் அனுமதியோடு 14 நாளுக்குள் முதனிலை விசாரணை செய்யவும் இடம் இருக்கிறது என்று அவர்கள் பதில் சொன்னார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் கண்ணாடி நொறுக்கும் கேமராப் பதிவும் சாவடிச் செய்தியும் கையில் இருக்கும்போது இன்னும் எதை விசாரிக்க வேண்டும்? நாளை கொடுக்காவிட்டால் துணை ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புவோம், அதற்கும் அதே 173ஆம் பிரிவில் வழி இருக்கிறது.

1.34
பாலா: காப்பீட்டு நிறுவனத்தில் பதிவு செய்துவிட்டேன், எண் கொடுத்திருக்கிறார்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஆர்.சி., இரண்டு சாவிகள், முதல் தகவல் அறிக்கை, கடைசியில் வண்டி கிடைக்கவில்லை என்ற காவல்துறைச் சான்றும் கேட்கிறார்கள்.

1.36
செந்தில்: வாரிசுச் சான்றிதழுக்கு இன்னும் விண்ணப்பிக்கவே இல்லை. உன் ஆதார் நகலை மாசியிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன் பாலா.

1.37
பாலா: கார் யாருக்கு என்று முதலில் பேசி முடிக்கலாம் என்று நினைத்துத்தான் அனுப்பவில்லை அண்ணா.

1.38
சித்ரா: இப்போது பேசுவதற்குக் காரே இல்லை. தயவுசெய்து இன்றே அனுப்பிவிடு.

1.44
சண்முகம் பெரியப்பா: ஆர்.சி.யை வாரிசு பெயருக்கு மாற்ற படிவம் 31 என்று ஒன்று இருக்கிறது, மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதையும் இத்தோடு சேர்த்தே செய்துவிடுவோம். வண்டி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அது கோமதியின் பெயரில் இருப்பதுதான் முறை என்பது என் கருத்து.

1.46
கோமதி: எனக்கு எதற்கு? பிள்ளைகள் பார்த்துக்கொள்ளட்டும்.

1.50
செந்தில்: நாளை காலை ஒன்பதரைக்கு மறுபடியும் நிலையத்துக்குப் போக வேண்டும். பெரியப்பாவை இரண்டாவது நாளும் பெஞ்சில் உட்கார வைக்க எனக்கு மனமில்லை. யாராவது கூட வர முடியுமா?

1.52
ராஜசேகர்: நாளை எனக்குத் தணிக்கை இருக்கிறது. செவ்வாய் என்றால் வரலாம்.

1.53
முரளி: இன்று இரவு எனக்கு விடுப்பு. மாலை பேருந்து பிடித்தால் இரவே மாட்டுத்தாவணி வந்துவிடுவேன். சாவி என்னிடம் இருந்ததைப் பற்றி அவர்கள் கேட்டால் நானே நேரில் சொல்வதுதான் நல்லது.

1.55
சரோஜா அத்தை: முரளி, நீ போக வேண்டாம். கேட்டால் எழுதிக் கொடுத்தால் போதும்.

1.56
கோமதி: சரோஜா, அவன் வரட்டும். இங்கேயே தங்கிக்கொள்ளட்டும். நீயும் அவனோடு கிளம்பி வா.

2.10
செந்தில்: அத்தை, நான் இப்போது உங்களுக்குப் பேசுகிறேன், எடுங்கள்.

2.31
சண்முகம் பெரியப்பா: ஃபாஸ்டேக்கை முடக்குவதா வேண்டாமா என்று நிலையத்தில் கேட்க மறந்துவிட்டோம். செந்தில், 3.12க்குப் பிறகு புதிய செய்தி ஏதாவது வந்திருக்கிறதா? பாலா, ஆதார் நகல் இன்னும் வரவில்லை.