உதிராத சருகுக்கு ஒரு சொல் வேண்டும்

ஸ்காபரோவிலிருந்து

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

வணக்கம். காய்ந்த இலை உதிராமல் மரத்திலேயே தொங்குவதைக் குறிக்கும் ‘மார்செசென்ஸ்’ என்ற தாவரவியல் சொல்லுக்குத் தமிழ் தேவை. கொஞ்சம் அவசரம். ஒரு பக்கத் துண்டறிக்கை இந்த மாதக் கடைசிக்குள் அச்சுக்குப் போக வேண்டும்.

எங்கள் முதியோர் வட்டம் ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவில் மெல்லநடை நடத்துகிறது. கனடாவின் டொரொன்டோ நகரத்தில், ஸ்காபரோவின் கிழக்கு எல்லையில் தொடங்கி வடக்கே பிக்கரிங், மார்க்கம் பக்கமெல்லாம் விரியும் காடு அது. உடற்பயிற்சி நடை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோமீட்டர் போனாலே வேகம் கூடிவிட்டது என்று யாராவது முறைப்பார்கள். கைபேசி பைக்குள். பேச்சு கடைசியில் தேநீரோடுதான். நடுவில் நிற்பது, கேட்பது, பட்டையைத் தொட்டுப் பார்ப்பது. (வனக்குளியல் என்று யாரும் தொடங்க வேண்டாம். 1982இல் ஜப்பானிய வனத்துறை முன்வைத்த ஷின்ரின்-யோகுவை அப்படியே பெயர்த்த சொல் அது. அதை அறிவித்தால் எங்கட அம்மாமார் துவாயும் சவர்க்காரமும் கொண்டு வருவினம்.)

ஒக்டோபரில் காட்டைப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. மேப்பிள் தன் சிவப்பாலேயே ஆளை நிறுத்திவிடும். சிக்கல் நவம்பரில்தான். மாதத் தொடக்கத்தில் மணிக்கூட்டை ஒரு மணி பின்தள்ளியதும் ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது, மேப்பிளும் மொட்டை, ‘இனி என்ன இருக்கு பார்க்க’ என்று பாதிப்பேர் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். எனக்கு அந்த மாதம்தான் பிடிக்கும். வடக்கேயிருந்து சாம்பல் நிற ஜன்கோக் குருவிகள் இறங்கி நிலத்தில் மேயும். விட்ச் ஹேசல் செடியில், மற்ற எல்லாம் முடிந்த பிறகு, கசங்கிய மஞ்சள் நாடா போல இதழ் விரியும். இலை விழுந்ததால் மலைச்சரிவின் வடிவமே முதல்முறையாகத் தெரியும்.

அந்த மொட்டைக் காட்டுக்குள் சில மரங்கள் மட்டும் இலையோடு நிற்கும். பச்சை இலை இல்லை; செத்த இலை. பீச் (beech) மரத்தில் வெளிறிய வைக்கோல் நிறத்தில், ஓக்கில் தோல் போன்ற தடித்த பழுப்பில். காற்று வந்தால் மற்ற மரங்களில் கிளை மட்டும்தான் உரசும், இந்த மரங்கள் சலசலக்கும். கண்ணை மூடி நின்றாலே பீச் எந்தப் பக்கம் என்று காட்ட முடியும். போன நடையில் ஒரு அம்மா அந்த இலையை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, ‘செத்தது ஏன் தம்பி விழேல்லை?’ என்று கேட்டா. விளக்கம் சொன்னேன். பெயர் கேட்டா. ஆங்கிலப் பெயரைச் சொன்னதும் முகம் வாடிப் போயிற்று.

இலத்தீன் வேருக்கு வாடுதல் என்றுதான் பொருள். ஆனால் ‘வாடல்’ என்று போட்டால் தண்ணீர் இல்லாத கத்தரிச்செடிதான் நினைவுக்கு வரும். உங்கள் யோசனை வேண்டும்.

கோவையிலிருந்து

வணக்கம். தாவரவியல் பக்கத்தை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். சொல் அதன் மேல்தான் நிற்க வேண்டும்.

இலை தானாக உதிர்வதில்லை, மரம்தான் உதிர்க்கிறது. பகல் குறுகி, இலையிலிருந்து வரும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் குறையும்போது, காம்பின் அடியில் இலை கழலும் இடமான பிரிவடுக்கு, உதிர்வைத் தூண்டும் எத்திலீன் வாயுவுக்கு இணங்கும். நொதிகள் அங்குள்ள செல்சுவர்களைக் கரைக்கும். கிளைப்பக்கம் தக்கை மூடிக்கொள்ளும். அதன் பிறகு ஒரு சிறு காற்று போதும். பீச், ஓக், ஹார்ன்பீம் போன்றவற்றில் இந்த வேலை பாதியில் நின்றுவிடுகிறது. இலை இறந்துவிடும், பிரிவு முடியாது. குளிர்காலம் முழுக்கத் தொங்கி, வசந்தத்தில் மொட்டு விரியும் தறுவாயில் விழும். இளமரங்களிலும், பெரிய மரங்களின் கீழ்க்கிளைகளிலும் இதை அதிகம் பார்க்கலாம்.

ஏன் என்பதற்கு ஒரே முடிவு இல்லை. மான் மொட்டைத் தின்னவிடாமல் காய்ந்த இலை மறைக்கிறது என்பது ஒரு கருத்து. வசந்தத்தில் விழுந்தால் வேருக்கு உரம் சரியான நேரத்தில் கிடைக்கும் என்பது இன்னொன்று.

துண்டறிக்கையில் ‘இலையுதிர்காலம்’ என்று எழுதும்போது ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். முதுமலையில் தேக்கு இலை உதிர்ப்பது பனிக்காலத்தின் கடைசியிலும் கோடையிலும், தண்ணீர்த் தட்டுப்பாட்டால். நீங்கள் நடக்கும் ஐப்பசி, கார்த்திகை நமக்குக் கூதிர், அடைமழைக் காலம். இலை உதிர்வது என்றதும் நம் ஊர்க்காரர் மனதில் வெயில் வரும், உங்கள் காட்டில் பனி வருகிறது.

என் பரிந்துரை: வாடிநிலைப்பு.

யாழ்ப்பாணத்திலிருந்து

வாடிநிலைப்பு என்பதைக் கேட்டால் வங்கியில் போட்ட நிலையான வைப்பு மாதிரி இருக்கிறது, மன்னிக்கவும்.

சொல் எங்கள் வேலியிலேயே கிடக்கிறது. காவோலை. வெட்டாமல் விட்ட பனையைப் பாருங்கள். முற்றிக் காய்ந்த ஓலை உடனே விழாது; வட்டுக்குக் கீழே கழுத்தைச் சுற்றிப் பாவாடை கட்டினதுபோலத் தொங்கும். சோளகக் காற்றில் அது போடுகிற சத்தத்துக்குச் சின்ன வயதில் இரவில் பயந்தவர்கள் இந்தக் குழுவிலேயே இருப்பார்கள். ‘காவோலை விழக் குருத்தோலை சிரிக்குமாம்’ என்ற பழமொழியிலும் காவோலை விழுகிற வரைக்கும் மரத்தில்தான் இருக்கிறது. பனையின் இந்தத் தொங்கலையும் தாவரவியலார் மார்செசென்ட் என்றுதான் சொல்கிறார்கள். ஸ்காபரோ அம்மாமாருக்கு விளக்கமே தேவைப்படாது.

‘காவோலைத்தன்மை’ என்று எழுதுங்கள், முடிந்தது.

மதுரையிலிருந்து

காவோலை அருமையான சொல். பனைக்கு மட்டும். பீச்சுக்குப் போட்டால் மரபு இடறும்.

தொல்காப்பிய மரபியல் புறத்தே வைரம் (கெட்டியான பகுதி) உடையதைப் புல் என்றும் அகத்தே வைரம் உடையதை மரம் என்றும் பிரிக்கிறது. ஓலை, மடல், ஈர்க்கு எல்லாம் புல்லின் உறுப்பு. பனையும் தெங்கும் அந்தப் பக்கம். இலை, தளிர், முறி மரத்தின் உறுப்பு. பீச்சின் இலையை ஓலை என்றால் மாணவன் சிரிப்பான். ஓலையை எடுத்துவிட்டுக் ‘காவிலை’ என்று ஆக்கலாமா என்று யாராவது கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன், வேண்டாம். காவு கொடுக்கும் இலை என்று படிப்பார்கள். சங்கப் பாட்டின் ‘உலவை’யும் நினைவுக்கு வந்தது. ஆனால் அது வற்றிய கிளையைக் குறிப்பது. இலை இருப்பதைச் சொல்லாது.

சருகு என்ற எளிய சொல்லை ஏன் எல்லோரும் தாண்டிப் போகிறீர்கள்?

கோவையிலிருந்து, மறுபடியும்

> சருகு என்ற எளிய சொல்லை

சருகு என்றால் தரையில் கிடப்பது அல்லவா? ‘சருகாய் உதிர்ந்தான்’, ‘சருகு அள்ளினாள்’. உதிராமல் இருப்பதுதான் இங்கே கருத்தின் உயிரே. உதிர்ந்ததன் பெயரை வைத்து உதிராததைச் சொல்வது முரண்.

மதுரையிலிருந்து

வாழைத் தோப்புக்குள் போய்ப் பாருங்கள் ஐயா. தண்டோடு ஒட்டித் தொங்குகிற காய்ந்த இலைக்கு வாழைச்சருகு என்றுதான் பெயர். அறுத்தெடுத்த பிறகு அது சருகு ஆவதில்லை, மரத்தில் தொங்கும்போதே சருகு. சொல் காய்ந்த நிலையைக் குறிக்கிறது, இடத்தைக் குறிக்கவில்லை. வாழையும் புல்லினம்தானே என்று என்னையே திருப்பி மடக்காதீர்கள். ஆலஞ்சருகு, அரசஞ்சருகு என்று மரத்துக்கும் தடையில்லாமல் வரும் சொல் இது.

சிங்கப்பூரிலிருந்து

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். தங்குசருகு எப்படி? ஊறுகாய் மாதிரி வினைத்தொகை. தங்கிய, தங்குகிற, தங்கும் என்று மூன்று காலமும் அடங்கும்.

ஸ்காபரோவிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. சிங்கப்பூர் அன்பர் இனியும் வாசித்துக்கொண்டு மட்டும் இருக்கக் கூடாது.

சனிக்கிழமை நடையில் மூன்று சொற்களையும் சொல்லிப் பார்த்தேன். வாடிநிலைப்பை யாருக்கும் திருப்பிச் சொல்ல வரவில்லை. காவோலை என்றதும் சிரிப்பு, உடனே வேலியடைப்பு, புகையிலைத் தோட்டம், ஒடியல் கூழ் என்று கதை ஊருக்குப் போய்விட்டது. பேசாமல் நடக்கும் விதி அன்றைக்கு அவ்வளவுதான். மரத்தை யாருமே திரும்பிப் பார்க்கவில்லை. யாழ்ப்பாணத்து மாஸ்டர் கோபிக்கக் கூடாது. அந்தச் சொல் தன் பனையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது.

தங்குசருகைச் சொன்னபோது ஒருவர், ‘அப்ப எவ்வளவு நாள் தங்கும்?’ என்று கேட்டார். வேறு விளக்கம் இல்லாமலே அடுத்த கேள்வி வந்துவிட்டது; எனக்கு அது போதும். சித்திரை வரைக்கும் என்றேன். கிளையை வளைத்து, காய்ந்த இலைக்குப் பக்கத்தில் ஊசிபோல நீண்டு கூராக இருக்கும் பீச் மொட்டைக் காட்டினேன். அடுத்த வருட இலை முழுவதும் அந்த மெல்லிய மொட்டுக்குள் மடிப்புமடிப்பாக இருக்கிறது என்றதும் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு ஒவ்வொருவராகத் தொட்டார்கள்.

ஆகவே துண்டறிக்கையில் இப்படிப் போகிறது: இலைக்குத் தங்குசருகு, நிகழ்வுக்குச் சருகுதங்கல், மரத்துக்குச் சருகுதங்கி மரம். பனைக்குக் காவோலையே, அடிக்குறிப்பில் பழமொழியோடு. கோவை ஐயா சொன்ன பிரிவடுக்கையும் முதுமலைத் தேக்கையும் சேர்த்திருக்கிறேன். கூடவே பீச் இலை நோய் பற்றி இரண்டு வரி. கண்ணுக்குத் தெரியாத நூற்புழுவால் வருவது; 2012இல் அமெரிக்காவின் ஒகையோவில் முதலில் கண்டார்கள், 2017இல் எங்கள் ஒன்ராறியோவுக்கும் வந்துவிட்டது. கோடையில் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நரம்புகளுக்கு இடையே கரும்பட்டைகள் தெரியும். இந்த மரத்தை அடையாளம் காணத் தெரிந்தவர்கள் கூடட்டும் என்பது என் ஆசை.

இனி மிச்சம் ஒன்று. ‘பீச்’ என்று தமிழில் எழுதினால் கடற்கரையும் அதுதான், பழமும் அதுதான். ‘பழம் எப்ப காய்க்கும்?’ என்று ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள். மரத்துக்கே ஒரு பெயர் வைக்கலாமா, அல்லது சாம்பல் நிற வழுவழுப்பான பட்டையை முன்னொட்டாக வைத்து ‘சாம்பற்பட்டைப் பீச்’ என்று ஒப்பேற்றலாமா? வெள்ளிக்குள் சொன்னால் நல்லது.