மும்பைல கடல் மீன் பிடிக்க: பழைய ஃபைபர் போட்டா, காத்தடிக்கிற கயாக்கா, இல்ல தூண்டில் மட்டும் போதுமா?

தாராவித் தூண்டில்

வணக்கம் மக்களே. சொந்த ஊரு தூத்துக்குடி பக்கம், பத்து வயசு வரைக்கும் அங்கதான், அதுக்கப்புறம் தாராவி. சின்னப் பிள்ளைல கல்லுமேல உக்காந்து தங்கூசில (நைலான் நூல்) ரெண்டு தூண்டில் முள்ளு கட்டி, இறால் கோத்துப் போட்டு கிழங்கான் புடிச்ச ஆளு நான். இருபது வருஷம் கழிச்சு அந்தக் கிறுக்கு திரும்ப வந்திருக்கு.

மேட்டர் என்னன்னா நானும் மச்சானும் சேந்து 90,000 ரூபா ஒதுக்கி வச்சிருக்கோம். உரண் பக்கம் ஒருத்தர்கிட்ட 16 அடி ஃபைபர் போட் இருக்கு, 9.9 குதிரைசக்தி டூ ஸ்ட்ரோக் எஞ்சினோட 85,000 சொல்றார். மச்சான் அட்வான்ஸ் குடுக்கத் துடிக்கிறான். எனக்கு என்னமோ மனசு ஒப்பல. இன்னொரு ஐடியா, காத்தடிச்சு மிதக்க விடுற கயாக் (துடுப்புப் படகு) ஒண்ணு வாங்கி மார்வே, மனோரி பக்கம் போலாம்னு. தூண்டிலுக்கு ஆன்லைன்ல 1,200 ரூபாய்க்கு மடக்குற ராடு, ரீலு, கூடவே ஒரு டப்பா நிறைய ப்ளாஸ்டிக் மீனு எல்லாம் சேத்து ஒரு செட்டு பாத்தேன், அது ஓடுமா? ஞாயித்துக்கிழமை மட்டும்தான் போவோம், வியாபாரம் எல்லாம் இல்ல, வீட்டுக் கொழம்புக்கு ஆனா சந்தோஷம்.

கச்சான்காத்து

தம்பி, மொதல்ல மச்சான் கைல இருக்குற அட்வான்ஸப் புடுங்கி உங்க பாக்கெட்ல வைங்க, மத்தத அப்புறம் பேசலாம்.

நான் இத அனுபவிச்சவன். நாலு வருஷம் முந்தி நாங்க மூணு பேர் சேந்து இதே மாதிரி ஒரு பழைய போட் வாங்குனோம். போட்டு வெலை போட்டு வெலையே இல்ல, அது நுழைவுக் கட்டணம் மாதிரி. எங்க கட்டி வைப்பீங்க? கோளிவாடாவுல (இங்க உள்ள கோளி மீனவங்க குடியிருப்பு) எடம் அவங்க சொந்தக்காரங்களுக்கே பத்தல, வெளியாளுக்கு மாசாமாசம் காசு, பாத்துக்க ஒரு ஆளு, அந்த ஆளுக்கு காசு. ஜூன்ல கரையேத்தி தார்ப்பாய் போட்டு மூடணும், அதுக்குத் தூக்க எட்டு பேரு. நாங்க அந்த வருஷம் மொத்தம் பதினோரு தடவைதான் கடலுக்குப் போனோம், கணக்குப் போட்டுப் பாத்தா ஒவ்வொரு தடவையும் நல்ல ஹோட்டல்ல குடும்பத்தோட சாப்ட்ட காசு. மீனு வேற வரல.

அதையும் மீறி அந்த உரண் போட்டப் பாக்கப் போறீங்கன்னா சொல்றேன். எஞ்சின் மாட்டுற பின்பலகை இருக்குல்ல, அத ஸ்க்ரூ ட்ரைவர் கைப்பிடியால நெடுக தட்டிக்கிட்டே போங்க. ணங்குன்னு கேட்டா ஓகே. பொத்துன்னு செத்த சத்தம் வந்தா உள்ள இருக்குற ப்ளைவுட் தண்ணி குடிச்சு மக்கிப்போச்சுன்னு அர்த்தம், அதை மாத்தறது போட்டு வெலைல பாதி ஆகும். அடுத்து எஞ்சின் கீழ கியர் ஆயில் ஸ்க்ரூவ லேசாக் கழட்டச் சொல்லுங்க, வர்ற ஆயில் பால் காப்பி கலர்ல இருந்தா சீல் போயி தண்ணி உள்ள எறங்கிருக்கு. ஸ்டார்ட் பண்ணுனா பக்கவாட்டுல ஒரு சின்ன ஓட்டைல தண்ணி பீச்சணும், பீச்சலன்னா எஞ்சினுக்கு கூலிங் போகல, அந்த நிமிஷமே ஆஃப் பண்ணச் சொல்லிட்டு கெளம்பிருங்க. முன்னாடியே சூடு பண்ணி வச்சிருந்தா இன்னும் சந்தேகம், குளுந்த எஞ்சின் எத்தன இழுப்புல எடுக்குதுன்னு நீங்க பாக்கணும். பேப்பர் யார் பேர்ல இருக்கு, மீன்பிடிப் படகாப் பதிஞ்சதா, உங்க பேருக்கு மாறுமா, இதெல்லாம் வாய்ப்பேச்சு வேணாம், மேரிடைம் போர்டு ஆபீஸ்ல நேர்ல கேட்டுட்டு அப்புறம் காசு.

நான் இப்ப என்ன பண்றேன்னா, தெரிஞ்ச கோளி அண்ணன் ஒருத்தர் போட்ட அரை நாளைக்கு எடுக்குறோம். நாலு பேர் போனா ஆளுக்கு ஆயிரத்தி சொச்சம். டீசல் அவருது, கடலடில கல்லு எங்க இருக்கு, பாறைத் திட்டு எங்க இருக்குன்னு அவருக்கு மனப்பாடம், அவரு ரெண்டு தலைமுறையா அங்கதான். நான் ராட மட்டும் தூக்கிட்டுப் போறேன்.

மலாட் துடுப்பு

கச்சான் அண்ணன் சொல்றது சரி, ஆனா அவரு கயாக்க மறந்துட்டார். என்கிட்ட ரெண்டு வருஷமா ரெண்டு பேரு உக்கார்ற காத்தடிக்கிற கயாக் இருக்கு, பீரோ மேல மடிச்சு வச்சிருக்கேன், பார்க்கிங் செலவு ஜீரோ. ஆட்டோல போட்டு மார்வே போயிரலாம்.

ஆனா நல்லது மட்டும் சொன்னா பாவம். மொத வருஷம் நடந்தத சொல்றேன். மனோரி க்ரீக் (கடல் தண்ணி உள்ள ஏறி எறங்குற ஓடை) உள்ள போயி ஒரு வளைவுல நின்னு கெளுத்தி மேல கெளுத்தியா வருது, நேரம் போனதே தெரியல. திரும்பிப் பாத்தா தண்ணிய காணோம். கயாக்கு சேத்துல ஒக்காந்துருச்சு. எறங்குனா முட்டி, அடுத்த அடி தொடை. நாலு மணி நேரம் அங்கயே, வெயில்ல, அரை பாட்டில் தண்ணியோட, அடுத்த ஏத்தம் வர்ற வரைக்கும் கொக்கப் பாத்துக்கிட்டு கெடந்தேன். தூத்துக்குடி ஆளுங்களுக்கு இது சுத்தமாப் புரியாது, அங்க ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் கூட வராது. இங்க சில அமாவாசை பௌர்ணமிக்கு 4 மீட்டருக்கு மேல ஏறி எறங்கும், ஒரு மாடிக்கு மேல உசரம். டைட் டேபிள் (ஏத்த வத்த நேர அட்டவணை) பாக்காம வீட்டு வாசல் தாண்டாதீங்க, ஒரு நாளைக்கு ரெண்டு ஏத்தம் ரெண்டு வத்தம், தெனம் முக்கால் மணி நேரத்துக்கு மேல தள்ளித் தள்ளிப் போகும், அதனால போன ஞாயிறு டைம் இந்த ஞாயிறு செல்லாது.

காத்து இன்னொரு எமன். காலைல கரைலேர்ந்து கடலுக்கு அடிக்கும், சுகமாத் தள்ளிட்டுப் போகும், திரும்பும்போதுதான் தெரியும். காத்தடிச்ச கயாக் எடை கம்மி, பலூன் மாதிரி, காத்து எங்க சொல்லுதோ அங்கதான் போகும். அதனால க்ரீக்கோட நிறுத்திக்குங்க, தொறந்த கடலுக்கு இது வேணாம். கல்லுல ஒட்டியிருக்குற சிப்பி ப்ளேடு மாதிரி, ஒரு உரசல் போதும். உங்க தூண்டில் முள்ளே கூட குத்தும், நான் ரப்பர் பாய் ஒண்ணு விரிச்சிருக்கேன்.

அப்புறம் இது மும்பை, ஞாபகம் இருக்கட்டும். 2008 நவம்பர் 26 அன்னிக்கு அந்தத் தீவிரவாதிங்க கஃப் பரேட் மச்சிமார் நகர்ல எறங்குனது ரப்பர் படகுலதான். இருட்டுல ரப்பர் படகுல ரெண்டு தாடிக்கார பசங்க பெரிய பையோட கரையேறுனா யாரா இருந்தாலும் போலீஸக் கூப்புடுவாங்க, கூப்புடணும். பகல்ல மட்டும் போங்க, ஆதார் பைல இருக்கட்டும், லோக்கல் கோளி ஆளுங்ககிட்ட மூஞ்சியக் காட்டிட்டு எறங்குங்க. டிராம்பே அணு ஆராய்ச்சி நிலையம், நேவி, துறைமுகம் பக்கமெல்லாம் கிட்டயே போகாதீங்க. லைஃப் ஜாக்கெட்ட ஒக்கார்றதுக்கு மெத்தையா போட்டுக்குறவனுங்கள நெறைய பாத்திருக்கேன், அத ஒடம்புல மாட்டணும். போன்ல 1554 சேவ் பண்ணிக்குங்க, கோஸ்ட் கார்டு. 1093 கடலோர போலீஸ்.

மாட்டுங்கா மாமா

இவ்ளோ கஷ்டத்துக்கு நேரா சசூன் டாக் போயி காலைல அஞ்சு மணிக்கு ஒரு வஞ்சிரம் வாங்கிட்டு வந்துரலாமே. வீட்ல நீங்க புடிச்சதுன்னு சொல்லிக்குங்க. நான் சைவம், சும்மா சொன்னேன்.

ஆண்டாப்ஹில் அக்கா

மாமா நீங்க போயி ஃபில்டர் காப்பி குடிங்க.

தம்பி, எல்லாரும் போட்டப் பத்தியே பேசுறாங்க, தூண்டிலப் பத்தி நான் சொல்றேன். நான் பாறைல நின்னு போடுறவ, எட்டு வருஷமா, போட்டே கெடையாது. அந்த 1,200 ரூபா செட்டு வேணவே வேணாம். மடக்குற ராடுல ஒவ்வொரு கணுவுலயும் உப்பும் மணலும் போய் உக்காந்து ரெண்டாவது வாரம் நீட்டுனா மடங்காது, மடக்குனா நீளாது. எங்க வீட்ல ஒண்ணு கொடிக்கம்பா இருக்கு. ரெண்டு துண்டா வர்ற 8 அடி ஸ்பின்னிங் ராடு வாங்குங்க, துண்டு 4 அடிதான், கூட்டமில்லாத லோக்கல்ல காலைல மொத வண்டில கொண்டு போயிரலாம். (எட்டரை மணி விரார் லோக்கல்ல கொண்டு போனா ராடும் இருக்காது நீங்களும் இருக்க மாட்டீங்க.)

காசு எதுல போடணும்னா ரீல்ல போடுங்க. 4000 சைஸ், உப்புத்தண்ணிக்குன்னு சொல்லி விக்குறது. ஷிமானோ, டைவா, பென் இதுல கீழ்வரிசை மாடலே போதும், டெகாத்லான்லயும் போயி கையில சுத்திப் பாத்து வாங்கலாம், ஆன்லைன்ல படத்தப் பாத்து வாங்கறதவிட மேல். ராடு நடுத்தரமா இருந்தாப் போதும், ஆனா வளையத்துல ஒரு பஞ்ச வச்சு இழுத்துப் பாருங்க, பஞ்சு சிக்குனா அங்க கீறல் இருக்கு, அது நூல அறுக்கும்.

நூலு: தங்கூசி மேல பாசம் இருக்கும், எனக்கும் இருந்துச்சு. ஆனா இங்க ஓடுற இழுப்புக்கு தடிச்ச தங்கூசி போட்டா தண்ணி அதப் புடிச்சு இழுத்துட்டுப் போயிரும், அத நிறுத்த கால் கிலோ ஈயம் கட்டணும். பின்னல் நூல் அதே பலத்துக்கு ரொம்ப மெலிசு, இழுப்பு கம்மி, ஈயமும் கம்மி. 20, 30 பவுண்ட் பின்னல் போதும். ஸ்பூல்ல நேரா சுத்துனா வழுக்கி மொத்தமா சுத்தும், அதனால அடில பத்து சுத்து தங்கூசி போட்டு மேல பின்னல். பின்னலுக்கு ஒரே வீக்னஸ் பாறை, ஒரு உரசல்ல போயிரும், அதனால முனைல ஒரு ஒன்றரை மீட்டர் 40 பவுண்ட் தடிச்ச தங்கூசி லீடர். ரெண்டையும் சேக்க டபுள் யூனி முடிச்சு பழகுங்க, வீட்ல டிவி பாத்துக்கிட்டே நூறு தடவ போடுங்க. வாளை, ஊளி மாதிரி பல்லு மீன் வர்ற எடம்னா ஒரு சாண் கம்பி.

ரீல்ல ட்ராக்னு ஒண்ணு இருக்கு, மீன் இழுத்தா நூல விட்டுக் குடுக்குற பிடி, அத கை முறுக்குற வரைக்கும் முறுக்கிடாதீங்க. லக்கேஜ் எடை பாக்குற தராசு இருக்குல்ல, அதுல நூலக் கட்டி இழுங்க. 20 பவுண்ட் நூலுக்கு ரெண்டேகாலுலேர்ந்து மூணு கிலோவுக்குள்ள நூல் ஓடணும். வந்ததும் ட்ராக்க இறுக்கிட்டு நல்ல தண்ணில மெதுவா அலசி, தொடச்சு, திரும்ப ட்ராக்க லூஸ் பண்ணி வைங்க. பைப்பு ப்ரெஷர்ல பீச்சாதீங்க, உப்ப நீங்களே உள்ள தள்ளுறீங்க.

டப்பா நிறைய ப்ளாஸ்டிக் மீனு எதுக்கு, அதுல வர்ற கொக்கி கொடுவா ஒரு ஆட்டு ஆட்டுனா நிமிந்துரும். மழை முடிஞ்சு கலங்கல் அடங்குன அப்புறம் நாலு நல்ல லூர் (பொய் மீனு) போதும், மத்த நாளெல்லாம் உயிர் இறால்தான் ராஜா. இங்க கொடுவாவ ஜிதாடாம்பாங்க, நம்ம காலா மீன் இங்க ராவஸ், கெளுத்தி ஷிங்காடா, பேரு தெரிஞ்சா கோளி அக்காங்ககிட்ட பேச்சு வளரும், பேச்சு வளந்தா எடம் சொல்லுவாங்க.

கெளுத்தி முள்ளு குத்துனா பல்ல கடிச்சுக்கிட்டு இருக்காதீங்க, கை தாங்குற அளவு சுடுதண்ணில முக்கி வைங்க, வலி எறங்கும், அப்புறம் டாக்டர். மாஹிம் பக்கம் மித்தி ஆறு கலக்குற எடத்துல புடிச்சத கொழம்பு வைக்காதீங்க, அத மட்டும் அக்கா சொன்னேன்னு வச்சுக்குங்க.

தாராவித் தூண்டில்

அக்கா, அண்ணே, எல்லாருக்கும் நன்றி. நேத்து உரண் போயிட்டு வந்தோம். பின்பலகைய தட்டுனேன், மொத ரெண்டு தட்டு ணங்கு, மூணாவதுலேர்ந்து தலையணைய தட்டுன மாதிரி. மச்சான் மூஞ்சியப் பாக்கணுமே. கியர் ஆயில் ஸ்க்ரூவ கழட்டச் சொன்னதும் அவரு "டீ குடிங்க மொதல்ல"ன்னு ஆரம்பிச்சுட்டார், குடிச்சிட்டு வந்துட்டோம்.

இப்ப முடிவு: ஆளுக்கு ஒரு ராடு ரீலு, மிச்ச காசுல மாசம் ரெண்டு தடவ கோளி போட்டு. கயாக் அடுத்த வருஷம் பாக்கலாம், சேத்துக் கதை கேட்டு பொண்டாட்டி வீட்டோ போட்டுட்டா. ஒரே ஒரு டவுட், ஜூன் ஜூலைல மீன்பிடித் தடையாமே, ஊர்ல அது ஏப்ரல் நடுவுல ஆரம்பிக்குமே?

கச்சான்காத்து

அது கிழக்குக் கடல், ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14. மேற்குல ஜூன் 1லேர்ந்து ஜூலை 31. தடை எஞ்சின் படகுக்குத்தான்னு சட்டம் பேசி சில பேர் அந்த நேரம் பாறைல போயி நிக்குறாங்க, வருஷா வருஷம் அலை நாலு பேர இழுத்துட்டுப் போகுது, வேணாம். ஆகஸ்ட்ல நாரளி பூர்ணிமாவுக்கு இவங்க கடலுக்குத் தேங்கா விட்டதும் நாமளும் எறங்கலாம்.

எங்க க்ரூப்போட அடுத்த தடவ வாங்க, ரெண்டு சீட்டு இருக்கு. அமாவாசை பௌர்ணமின்னா தண்ணி வெறி புடிச்ச மாதிரி ஓடும், கலங்கலா இருக்கும், ஈயம் தரைல நிக்காது. அரை நிலா தாண்டி ஒண்ணு ரெண்டு நாள்லதான் இழுப்பு அடங்கி தண்ணி தெளியும், அதனால நான் எப்பவும் அஷ்டமி நவமி பாத்துதான் போட்டு புக் பண்றது. இந்த ஞாயிறு நவமி. காலைல அஞ்சேகாலுக்கு பாவுச்சா தக்கா (ஃபெரி வார்ஃப் படகுத்துறை) வாசல்ல நிக்கணும், நவமில எதுக்குடா புதுசா ஒண்ணு ஆரம்பிக்கிறன்னு வீட்ல கேட்டா பதில நீங்களே ரெடி பண்ணிக்குங்க.