எரிபொருள் மின்கலப் பங்குகள்: கையைச் சுட்டுக்கொண்டவர்களின் அனுபவப் பகிர்வு

முதல் பதிவு

சிறிய எரிபொருள் மின்கல நிறுவனம் ஒன்றின் பங்குகளை ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் வைத்திருந்துவிட்டு, போட்ட பணத்தில் பத்தில் ஒரு பங்குதான் தேறும் என்ற நிலையில் சென்ற மாதம் விற்று வெளியேறினேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர்கள் எதையும் மறைக்கவில்லை. எல்லாம் ஆண்டறிக்கையிலேயே இருந்தது. பார்க்க வேண்டிய பக்கத்தை நான்தான் புரட்டவில்லை.

அந்தத் தொழில்நுட்பத்தின் மேல் எனக்குள்ள மதிப்பு இன்றும் குறையவில்லை. ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் எரிக்காமலேயே இணைத்து மின்சாரம் எடுக்கலாம் என்று பிரிட்டிஷ் அறிவியலாளர் வில்லியம் குரோவ் 1839 வாக்கிலேயே காட்டிவிட்டார். 1965-இல் ஜெமினி 5 விண்கலத்திலும், பிறகு நிலவுக்குச் சென்ற அப்பல்லோ கலங்களிலும் இம்மின்கலங்கள்தாம் மின்சாரம் கொடுத்தன. அப்பல்லோ வீரர்கள் குடித்த தண்ணீரும் இவற்றிலிருந்து வந்ததே. நிலவு வரை போய்வந்த ஒரு பொருளைச் செய்யும் நிறுவனத்தின் பங்கு இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறதே என்று நினைத்தேனே தவிர, இத்தனை பழைய கண்டுபிடிப்பைப் பற்றி இன்னும் "அடுத்த சில ஆண்டுகளில்" என்றே ஏன் பேசுகிறார்கள் என்று யோசிக்கவில்லை.

பேருந்து தயாரிப்பாளர் ஒருவருடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானதாகச் செய்தி வந்த அன்று 1,200 பங்குகள் வாங்கினேன். மூன்று வாரங்களில் விலை மூன்றில் ஒரு பங்கு ஏறியது. என் கணிப்பு பலித்துவிட்டது என்ற மிதப்பில் இன்னும் 800 வாங்கினேன். புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது வாங்குவதற்கான உறுதி அன்று, பேசிப் பார்க்கலாம் என்ற சம்மதம் மட்டுமே என்பது எனக்குத் தெரியாததன்று. தெரிந்தும் வாங்கினேன்.

அதற்கு அடுத்த மாதம் நிறுவனம் புதிய பங்குகளைச் சந்தை விலையைவிடக் குறைந்த விலைக்குப் பெரிய முதலீட்டாளர்களுக்கு விற்றது. கூடவே, பின்னாளில் குறித்த விலைக்கு மேலும் பங்குகள் வாங்கிக்கொள்ளும் உரிமையான வாரண்டுகளையும் கொடுத்தது. "வளர்ச்சிக்கான நிதி திரட்டப்பட்டது" என்று அறிக்கை வந்தபோது, நிறுவனத்திடம் பணம் சேர்ந்துவிட்டது என்று நானும் மகிழ்ந்தேன். ஆறு ஆண்டுகளில் இப்படி ஐந்து முறை நடந்தது.

விற்பதற்கு முந்தைய இரவுதான் ஆண்டறிக்கைகளை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டேன். நான் வாங்கியபோது நிறுவனத்தின் மொத்தப் பங்குகள் ஏறத்தாழ 4 கோடி. அதே அளவுகோலில் இப்போது 19 கோடி. நிறுவனத்தின் மொத்தச் சந்தை மதிப்பு இந்த ஆறு ஆண்டுகளில் பாதியாகத்தான் குறைந்திருந்தது. என் கையிலிருந்த பங்கின் மதிப்போ பத்தில் ஒன்றாகச் சுருங்கியிருந்தது. இந்த இரண்டுக்கும் இடையிலான பள்ளம் முழுவதும் பங்குகளின் எண்ணிக்கையில் இருந்தது. விலையைத் தினமும் நான்கு முறை பார்த்த நான், எண்ணிக்கையை ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

"அதே அளவுகோலில்" என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. நான்காம் ஆண்டில் ஒருநாள் காலை கணக்கைத் திறந்தபோது என்னுடைய 2,000 பங்குகள் 100 ஆகியிருந்தன. யாரோ களவாடிவிட்டார்கள் என்றே முதலில் பதறினேன். 20 பங்குகளை ஒன்றாகச் சேர்த்திருந்தார்கள். விலையும் 20 மடங்கு ஏறியிருந்ததால் அன்றைக்கு எனக்கு நட்டம் எதுவுமில்லை. மேலே சொன்ன 19 கோடி, இந்தச் சேர்ப்பு நடக்காததுபோல் வைத்துப் போட்ட கணக்கு. அமெரிக்காவின் நாஸ்டாக் போன்ற பங்குச் சந்தைகளில் ஒரு பங்கு தொடர்ந்து 30 வணிக நாள்கள் 1 டாலருக்குக் கீழே இருந்தால் பட்டியலிலிருந்து நீக்குவதற்கான எச்சரிக்கை வரும். அதிலிருந்து தப்பிக்க நிறுவனங்கள் இப்படிச் சேர்ப்பது வழக்கம். விலை உயர்ந்து தெரிந்த சில வாரங்களிலேயே அடுத்த சுற்றுப் புதிய பங்குகள் வெளியாயின.

இது என் நிறுவனத்தின் தனிக்கதை என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஃபியூயல்செல் எனர்ஜி நிறுவனம் 2015-இல் 12 பங்குகளை ஒன்றாகவும், 2019-இல் மறுபடியும் 12-ஐ ஒன்றாகவும், 2024-இல் 30-ஐ ஒன்றாகவும் சேர்த்தது. பெருக்கிப் பாருங்கள்: 2015-க்கு முன் 4,320 பங்குகள் வைத்திருந்தவரிடம் இன்று இருப்பது ஒரே ஒரு பங்கு. 2000-ஆம் ஆண்டில் 150 டாலரை எட்டிய பிளக் பவர் என்ற இன்னொரு எரிபொருள் மின்கல நிறுவனத்தின் பங்கு, 2011-இல் பத்துக்கு ஒன்றாகச் சேர்த்த பிறகும் 2013 தொடக்கத்தில் 1 டாலருக்கும் கீழே கிடந்தது. 2021 ஜனவரியில் 70 டாலரைத் தாண்டியதும் அதே பங்குதான். தொடர்ந்து இயங்க முடியுமா என்ற ஐயத்தை 2023 நவம்பரில் தன் அறிக்கையிலேயே எழுத நேர்ந்ததும் அதே நிறுவனத்துக்குத்தான்.

இத்துறையில் பணம் போட்ட மற்றவர்களும் தங்கள் அனுபவத்தை எழுத வேண்டுகிறேன். இலாபம் பார்த்தவர்களும் எழுதலாம்.

மறுமொழி 1

ஐயா, நீங்கள் அறியாமல் விழுந்தீர்கள்; நான் அறிந்தே விழுந்தேன். இந்த மின்கலங்களைச் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான்.

வாகனங்களுக்கான வகையில் ஒரு தனிக் கலம் சுமையின்போது ஏறத்தாழ 0.6 முதல் 0.7 வோல்ட்தான் கொடுக்கும். ஆகவே நூற்றுக்கணக்கான கலங்களை ரொட்டித் துண்டுகளைப் போல அடுக்கி, இரு முனைகளிலும் தகடு வைத்து இறுக்கி ஓர் அடுக்காக்குகிறார்கள். சோதனையின்போது திரையில் ஒவ்வொரு கலத்துக்கும் ஒரு பச்சைக் கம்பம் தெரியும். எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கும்வரை நமக்கு வேலை இல்லை. திடீரென்று நடுவில் ஒரு கம்பம் மட்டும் மெல்லத் தாழும். அந்தக் கலத்துக்குள் தண்ணீர் தேங்கியிருக்கலாம், அல்லது அதன் சவ்வு உலர்ந்திருக்கலாம். கலங்கள் யாவும் தொடராக இணைந்திருப்பதால், அந்த ஒன்றுக்காக முழு அடுக்கையும் நிறுத்தியாக வேண்டும். தாழ்ந்த கம்பம் மீண்டும் எழுமா என்று காத்திருந்த இரவுகள் பல.

அதனால் இத்துறையில் கேட்க வேண்டியது கிலோவாட் அன்று, அடுக்கு தளராமல் உழைக்கும் மணிநேரம். அமெரிக்க எரிசக்தித் துறை கார்களுக்கு 5,000 மணிநேரத்தையும், நெடுந்தொலைவு லாரிகளுக்கு 25,000 மணிநேரத்தையும் இலக்காகக் குறித்திருக்கிறது. நான் பங்கு வாங்கிய நிறுவனத்தின் அறிவிப்புகளில் கிலோவாட் இருந்தது, எடை இருந்தது, அழகான படங்கள் இருந்தன. மணிநேரம் மட்டும் எங்கும் இல்லை. அலுவலகத்தில் எவராவது அப்படி ஓர் அறிக்கையை என் மேசையில் வைத்திருந்தால் அன்றே திருப்பி அனுப்பியிருப்பேன். ஆனால் தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். நம் துறை வெல்ல வேண்டும் என்ற ஆசையில் என் சேமிப்பைப் போட்டேன்.

மணிநேரம் குறைந்தால் பணம் எப்படிக் கரையும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விற்ற கருவிக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் உண்டு. அடுக்கு எதிர்பார்த்ததற்கு முன்பே தளர்ந்தால் நிறுவனமே தன் செலவில் மாற்றித் தர வேண்டும். செய்யும் செலவைவிட விற்கும் விலை ஏற்கெனவே குறைவு என்றால், விற்பனை கூடக்கூட நட்டமும் கூடும். வருவாய் இரட்டிப்பானது என்ற செய்தியைப் பார்த்து நான் இரண்டாம் முறை வாங்கியது அப்படிப்பட்ட காலாண்டில்தான்.

மறுமொழி 2

எல்லாரும் ஒரே பக்கம் சாய்வதால் மறுபக்கத்தையும் எழுதுகிறேன். புளூம் எனர்ஜி 2018-இல் 15 டாலருக்குப் பங்கு வெளியிட்டது. 2019-இல் 4 டாலருக்கும் கீழே விழுந்தது. தரவு மையங்களின் மின்பசி பெருகிய 2025-இல் 100 டாலரைத் தாண்டியது. என்னிடம் அந்தப் பங்கு இருந்ததில்லை. 2019-இல் அதை அலசிவிட்டு, கடன் மிகுதி என்று ஒதுக்கியவன் நான். அவர்களுடைய கருவி இயற்கை எரிவாயுவிலேயே ஓடும் என்பதால், ஹைட்ரஜன் நிலையங்கள் வரட்டும் என்று வாடிக்கையாளர் காத்திருக்க வேண்டியதில்லை. கிடங்குகளில் ஓடும் சரக்குத் தூக்கிகள் இம்மின்கலத்துக்கு முதலில் மாறியதும் இப்படியொரு காரணத்தால்தான்: சாதாரண பேட்டரியை மின்னேற்ற மணிக்கணக்கில் நிற்க வேண்டிய வண்டி, சில நிமிடங்களில் ஹைட்ரஜன் நிரப்பிக்கொண்டு போய்விடும். இன்றே இந்தக் கருவி தேவைப்படும் வாடிக்கையாளர் யார் என்று மட்டும் பார்த்திருந்தால், கடனைப் பார்த்து அவ்வளவு மிரண்டிருக்க மாட்டேன்.

மறுமொழி 3

நான் இன்னும் விற்கவில்லை. முதல் பதிவைப் படித்த பிறகு, நானும் காலாண்டு அறிக்கையை எடுத்து எண்ணினேன். நான் வாங்கியபோது 2.6 கோடிப் பங்குகள், இப்போது 5.2 கோடி, சரியாக இரு மடங்கு. கையிருப்புப் பணத்தை ஒரு காலாண்டின் செலவால் வகுத்தால் மூன்று காலாண்டுகள்கூட வரவில்லை.

பங்குதாரர் கூட்டத்துக்கான வாக்குச்சீட்டு இரண்டு வாரங்களாகப் பிரிக்கப்படாமலேயே கிடந்தது, நேற்றுத்தான் பிரித்தேன். முதல் மூன்று தீர்மானங்கள் இயக்குநர்களின் நியமனம். நான்காவது தணிக்கையாளர் நியமனம். ஐந்தாவது, வெளியிடத்தக்க பங்குகளின் உச்ச வரம்பை மூன்று மடங்காக உயர்த்துவது. இதே போன்ற சீட்டு சென்ற ஆண்டும் வந்திருக்கும். எல்லாவற்றுக்கும் "ஆதரவு" என்று குறித்து அனுப்பியிருப்பேன்.

எதிர்த்து வாக்களித்தால் என் பங்கு மேலும் நீர்த்துப்போகாது. ஆனால் வங்கிக் கடன் கிடைக்காத, விற்பனையில் இலாபமும் வராத ஒரு நிறுவனத்துக்குப் புதிய பங்கு விற்பதைத் தவிரச் சம்பளம் கொடுக்க வேறு வழியில்லை. வரம்பு உயராவிட்டால் அடுத்த ஆண்டு அதற்கு ஆய்வகமே இருக்காது. ஆதரித்தால் நிறுவனம் பிழைக்கும், என் பங்கு கரையும். மூத்தவர்கள் யாராவது இந்த நிலையில் என்ன செய்தீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும். சீட்டு மேசைமேல் இருக்கிறது, ஐந்தாவது கட்டத்தை மட்டும் நிரப்பவில்லை. வாக்களிக்க இன்னும் நான்கு நாள்கள் இருக்கின்றன.