கையால் செதுக்கிய கிளைட் பெய்ட், தண்ணீரில் இறங்கியதும் என்ன செய்கிறது?

மீன் பிடிக்கிற செயற்கை இரைகளில், அதாவது லூர்களில், தவளை லூர், ஸ்பூன் பற்றியெல்லாம் இங்கே நிறையப் பேசியாகிவிட்டது. வீட்டிலேயே மரத்தில் செதுக்கிய கிளைட் பெய்ட் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை, அதனால் நானே ஆரம்பித்து வைக்கிறேன். உங்கள் கதையையும் போடுங்க.

பார்க்காதவர்களுக்காக: இரண்டே துண்டு, நடுவில் ஒரு கீல், விலா தட்டை, மூக்குக்குக் கீழே தகடு கிடையாது. ரீல் கைப்பிடியை அரைச் சுற்று சுற்றி நிறுத்தினால் ஒரு பக்கமாகச் சறுக்கிக்கொண்டு போகும், அடுத்த அரைச் சுற்றில் மறுபக்கம். ஜப்பானில் பாஸ் மீனுக்காகச் செய்கிற ஜாயின்டட் கிளா 178 இந்த ரகம்தான், 178 என்பது மில்லிமீட்டரில் அதன் நீளம். நமக்கு பாஸ் எங்கே இருக்கிறது, விராலும் வாளையும்தான்.

நான் முதலில் எடுத்தது சில்வர் ஓக், ஏற்காட்டு எஸ்டேட்டில் காப்பிக்கு நிழல் தருகிற அதே மரம். செதுக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மரமே கனம் என்பதால் கொஞ்சம் ஈயம் வைத்தாலே மூழ்கத் தொடங்கிவிடுகிறது, அடிவயிற்றில் வைக்கிற அந்தக் கொஞ்சம் ஈயம் லூரை நிமிர்த்திப் பிடிக்கப் போதவில்லை, வேகமாக இழுத்தால் பக்கவாட்டில் சாய்ந்து உருளுகிறது. மலைவேம்புக்கு மாறினேன். லேசான மரம், வயிற்றில் தாராளமாக ஈயம் ஏறும், எவ்வளவு வேகமாக இழுத்தாலும் முதுகு மேலேயே இருக்கும். ஈயத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம், டயர் கடையில் கழற்றிப் போடுகிற பழைய பேலன்ஸ் கட்டிகளைக் கேட்டால் தருவார்கள்.

கீலுக்கான வளையங்களை முறுக்கிக் கொடுத்தவர் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர். எவர்சில்வர் கம்பியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "தாராளமா ஆடணும், ஆனா கிலுகிலுன்னு ஆடக் கூடாது, அவ்ளோதானுங்க?" என்றார். அதற்கு மேல் கீலைப் பற்றி நான் படித்த எதிலும் ஒன்றும் இல்லை. இறுக்கமாக இருந்தால் சறுக்கல் சுருங்கிப்போய் வெறும் ஆட்டமாகிவிடும், ரொம்பத் தளர்ந்தால் வால் தலையை முந்தப் பார்க்கும்.

தண்ணீரில் பார்த்தது பூலாம்பட்டியில். நெரிஞ்சிப்பேட்டை கதவணையில் தேங்குகிற காவிரி, ஓட்டம் குறைவு, விசைப்படகு ஓடத் தொடங்குவதற்கு முன்னால் கரையோரம் உள்ளே ஓரளவு தெளிவாகத் தெரியும். லூர் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் வெள்ளை வயிறு ஒரு கணம் மின்னி மறைந்தது. பின்னாலேயே ஒரு விரால், வாலுக்கும் அதன் மூக்குக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. நான் சுற்றுவதை நிறுத்தினேன். லூர் இருந்த வேகத்தில் இன்னும் கொஞ்சம் சறுக்கி, நடுவில் மடங்கி, தலையைத் திருப்பி விராலையே பார்ப்பது போல நின்றது. இதற்குத்தானே இத்தனை பாடு! விராலும் நின்றது. நெஞ்சுத் துடுப்பு இரண்டும் மெதுவாகத் துழாவிக்கொண்டிருந்தன. அப்போது பார்த்து லூர் மூக்குக் குத்தி இறங்க ஆரம்பித்தது, விரால் அப்படியே பின்வாங்கி மறைந்துவிட்டது.

அப்புறம் முன் கொக்கியை மட்டும் ஒரு அளவு சின்னதாக மாற்றினேன். லூர் படுக்கைவாட்டில், அவசரமில்லாமல் இறங்கியது. மீன் வந்து அடித்தது அப்படி நிறுத்தி வைத்திருந்த நேரத்தில்தான், ஓடும்போது இல்லை. பெயின்டுக்கும் செதிலுக்கும் நாம் செலவழிக்கிற நேரத்தில் பாதியை இந்த நிறுத்தத்துக்குக் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

* * *

அண்ணா, இறங்குகிற வேகம் என்றதும் எனக்கு ஒன்று சொல்ல இருக்கிறது. நான் ஏற்காடு. இங்கே தொட்டித் தண்ணீரில் போட்டு, மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் அந்தரத்தில் நிற்கும்படி ஈயத்தைச் சரிபண்ணி வைத்தேன். அதே லூரைக் கோடையில் மேட்டூர் அணைக்குக் கொண்டுபோய், பண்ணவாடிப் பக்கம் போட்டால், மெதுவாகத்தான், ஆனால் நிற்காமல் இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஈயம் கூடவில்லை, மரத்தில் தண்ணீரும் ஏறவில்லை. தண்ணீர்தான் வேறு. 20 டிகிரியில் இருக்கிற தண்ணீரை விட 30 டிகிரித் தண்ணீர் ஏறக்குறைய 0.25 சதவீதம் அடர்த்தி குறைவு, 80 கிராம் லூருக்கு அது 0.2 கிராம் கணக்கு. கேட்டால் ஒன்றுமில்லை என்று தோன்றும், அந்தரத்தில் நிற்கிற லூரை மூழ்கடிக்க அது போதும்.

பண்ணவாடியில் அடியில் என்ன கிடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். நீர்மட்டம் இறங்கினால் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே வருகிற இடம். அந்தக் கல்லில் லூர் உட்கார்ந்தால் போனது போனதுதான்.

இப்போது நான் செய்வது இதுதான்: தேவையான ஈயத்தை விடக் கொஞ்சம் குறைவாகவே வயிற்றில் வைப்பது, மீதியை ரேடியோ ரிப்பேர் சால்டரிங் கம்பியாகக் கொக்கித் தண்டில் சுற்றிக்கொள்வது. கரையில் நின்று, காலடியில் போட்டுப் பார்த்து, ஒரு சுற்று அவிழ்ப்பேன் அல்லது கூட்டுவேன். இன்னொன்று, பிரெய்டை, அதாவது பின்னல் நரம்பை, நேராக லூரில் கட்டாதீங்க. லூர் திரும்பிப் பார்க்கிற அந்த நொடியில் தளர்ந்த நரம்பு முன் கொக்கியில் சுற்றிக்கொள்ளும். ஓரடியாவது விறைப்பான தடித்த நரம்பு இடையில் வேண்டும். மீனவர்கள் வலை கிடக்கிறதா என்றும் பார்த்து வீசுங்க, அவர்களுக்கு அது பிழைப்பு.

* * *

நல்லாத்தான் இருக்கு, ஆனால் எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. சேலத்தைச் சுற்றி விரால் இருக்கிற ஏரிகளில் முக்கால்வாசி ஆகாயத்தாமரையும் கோரையும்தான். மூன்று முள் கொக்கி இரண்டு தொங்குகிற லூரை அங்கே போட்டால் மீன் வராது, கொத்துக் கொத்தாகக் களைதான் வரும். அங்கே தவளை லூர்தான் ராஜா.

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். கல்யாண முருங்கையில் ஒன்று செய்தேன், அவ்வளவு லேசான மரம், முதல் நாள் அருமையாகச் சறுக்கியது. பின் கொக்கி விலாவில் உரசி உரசி பெயின்டில் ஒரு வளைந்த கீறல். அது வழியாகத் தண்ணீர் உள்ளே போய், கீல் பக்கத்து மரம் ஊதி, இரண்டு துண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டது. அதன் பிறகு அது ஒரு மரக்கட்டை, இழுத்தால் வந்தது.

ஒரு வேண்டுகோள்: செந்நிறக் குஞ்சுக் கூட்டம் மேலே கொப்பளிக்கிற இடத்தில் இதை வீசாதீங்க. கூடவே காவல் இருக்கிற விரால் பசியில் அடிக்காது, குஞ்சைக் காக்க எதையும் அடிக்கும். அதைத் தூக்கிவிட்டால் குஞ்செல்லாம் மற்ற மீனுக்குத் தீனி.

* * *

தம்பி சொன்ன சால்டரிங் கம்பி யோசனை அருமை, நாளைக்கே வாங்குகிறேன். களை விஷயத்தில் அண்ணன் சொல்வது சரிதான், நான் களையே இல்லாத கரையாகப் பார்த்துத்தான் வீசுகிறேன். கீறலுக்கு நான் செய்வது: பெயின்டுக்கு முன்னால் மரத்துக்கு மெல்லிசாக ஒரு பூச்சு அரால்டைட், கீல் துளைக்குள்ளேயும் குச்சியால் தடவி விடுவது, பெயின்டுக்கு மேல் இன்னொரு பூச்சு. கொக்கி உரசுகிற இடத்தில் மட்டும் மூன்றாவது. அந்த மூன்றாவது பூச்சின் கனத்தையும் சேர்த்துத்தான் ஈயக் கணக்குப் போட வேண்டும்.

மூன்று முள்ளை எடுத்துவிட்டு ஒற்றைக் கொக்கி போட்டு ஓட்டியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்க, சறுக்கல் மாறுகிறதா?