டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய்த் தொட்டி: வரைபடத்தில் இருந்த இடம் குழியில் இல்லை

சிவில் பிரிவிலிருந்து:

பழைய துணைமின் நிலையம் ஒன்றில் எண்ணெய்த் தொட்டியைச் (டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கொட்டும் எண்ணெய் வெளியே போகாமல் பிடிக்க அதன் அடியில் கட்டும் குழி) சரிபார்க்கச் சொன்னார்கள். டிரான்ஸ்ஃபார்மரில் 40,000 லிட்டர் எண்ணெய், அதாவது 40 கன மீட்டர். வரைபடத்தில் தொட்டியின் அளவு 60. தாராளம் என்றுதான் தோன்றும். ஆனால் தொட்டி முழுக்க ஜல்லி. கற்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி 40 சதவீதம் என்று வைத்தாலும் 24 கன மீட்டர்தான் நிற்கும். ஓரமாகத் தோண்டிப் பார்த்தால் அதுவும் இல்லை. முழங்கை ஆழத்துக்குக் கீழே கல்லும் மண்ணும் இறுகிக் கெட்டியாகிக் கிடந்தன. இது போக மழைநீருக்கும், தீப்பிடித்தால் பீய்ச்சும் தண்ணீருக்கும் இடம் வேண்டும்.

சரி, ஜல்லியை அள்ளிவிடலாமா? கூடாது. எரியும் எண்ணெய் கற்களுக்குள் இறங்கும்போதுதான் சூடு தணிந்து தீ அடங்குகிறது. அதனால் இரும்புக் கிராதி போட்டு, அதன்மேல் மட்டும் ஒரு அடுக்கு ஜல்லி பரப்பி, கீழே வெறுமையாக விட்டோம். குழியையும் ஆழப்படுத்த வேண்டியிருந்தது. செலவு கூடத்தான், ஆனால் சுத்தம் செய்ய ஆள் இறங்க முடிகிறது.

பராமரிப்புப் பிரிவிலிருந்து:

எங்களுக்குத் தொட்டி அளவில் குறையில்லை, பம்பில்தான் வினை. தொட்டியில் சேரும் மழைநீரை வெளியேற்ற மிதவை சுவிட்ச் வைத்த பம்ப். மட்டம் ஏறினால் ஓடும். ஏறியது தண்ணீரா எண்ணெயா என்று அதற்கென்ன தெரியும்? ரேடியேட்டர் வால்வு கசிந்த அன்று, எண்ணெயைச் சமர்த்தாக வெளி வடிகாலில் இறைத்துவிட்டது. இப்போது எண்ணெயை உணர்ந்தால் பம்பை நிறுத்தும் கருவி பொருத்தியிருக்கிறோம்.

இன்னொருவர்:

எங்களிடம் பம்பே கிடையாது. எண்ணெய் மிதக்கும், தண்ணீர் அடியில் நிற்கும் என்பதை நம்பி, அடியிலிருந்து எடுக்கும் வளைகுழாய் மட்டும்தான். மழைக்காலத்தில் அருமையாக வேலை செய்கிறது. கோடையில் அந்தத் தண்ணீர் வற்றிவிட்டால் தடுக்க ஒன்றுமில்லை, எண்ணெய் நேராக வெளியே போகும். மாதாந்திர ஆய்வில் மட்டம் பார்த்துத் தண்ணீர் ஊற்றுவதைச் சேர்த்திருக்கிறோம்.

அப்புறம், தொட்டிச் சுவரைத் துளைத்து வரும் கேபிள் குழாய்களையும் பாருங்கள். எங்கள் சுவரில் அவற்றைச் சுற்றித் தாரால் அடைத்திருந்தார்கள். எண்ணெய் பட்டுப் பட்டு அது குழைந்து, விரலால் அழுத்தினாலே உள்ளே போனது. அந்தப் பக்கம் கேபிள் டிரெஞ்ச், அதாவது கேபிள்கள் போகும் பள்ளம், நேராகக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகிறது. எண்ணெய் தாங்கும் அடைப்பானுக்கு எழுதிப் போட்டிருக்கிறோம், இன்னும் வரவில்லை.